பிளொப்பிக்கு வைத்த பொட்டு

விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா என்று எங்கள் கடைப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்து மழுப்பினேன். அவர்கள் விடவில்லை. போன மாதம் கடையைத் திருத்தினபோது, மூலையில் மிஞ்சிக் கிடந்த கடைசி பிளொப்பி டிரைவைப் பழைய இரும்போடு போட எடுத்தார்கள். ஒரு பிள்ளை அதன் வாயைத் திறந்து மூடி, "லெட்சுமி அக்கா, இதை வச்சு என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டது. சொல்லத் தொடங்கினேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். வெட்கம் வந்து நிறுத்திவிட்டேன். வாயால் வராது, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பழகினது டொஸ். கறுப்புத் திரை, மூலையில் ஒரு சின்னக் கோடு மினுங்கிக்கொண்டு நிற்கும். நாம் ஒன்று கேட்கும் வரைக்கும் அது வாய் திறக்காது. என் குணமும் அதுதான், அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. பிறகு விண்டோஸ் வந்தது. கல்யாண வீட்டுக்குள் போன மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் படம், எதைத் தொட்டாலும் ஏதோ ஒன்று திறந்து வரவேற்கிறது. இரண்டு மாதம் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துவிட்டது. லினக்ஸ் வேறு மாதிரி வீடு. சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய், அரிசி இங்கே, பருப்பு அங்கே, வேண்டியதை நீயே சமைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இப்போது என் வீட்டில் இருக்கிற பழைய லப்டொப்பில் அதுதான் ஓடுகிறது. நான் எப்போதும் சமையலறையில் நின்றவள், எனக்கு அது சரி. உங்களுக்கு எது கை வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிளொப்பி போய் பென்டிரைவ் வந்ததற்காக நான் ஒரு நாளும் கவலைப்படவில்லை. ஏன் என்பது கீழே வரும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்து, கடைசியில் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் ஒரு அறையில் தங்கினவள். வெள்ளவத்தைக் கடைக்குக் கூட்டவும் பிளேன்டீ ஊற்றவும்தான் வேலைக்குச் சேர்ந்தேன். காலி வீதி என்கிற மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற ஒரு லேனில் கடை. முன்னால் கம்பியூட்டர் வகுப்பு, பின்னால் தமிழ் டைப் வேலை. கல்யாண அழைப்புக் காட், கோயில் மலர், செத்த வீட்டு நினைவு மலர் எல்லாம் அங்கே அடித்துக் கொடுப்பார்கள். கடல் காற்றில் உப்பு வரும். ஆணி துரு ஏறும், கீபோர்ட் ஒட்டும். துடைக்கிறது என் வேலை என்பதால் மெஷின்களின் உள்ளும் புறமும் எனக்குத் தெரியத் தொடங்கியது. டைப் செய்த பிள்ளை கல்யாணம் முடித்து வெளிநாடு போனபோது, முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு, "அக்கா, உக்காருங்க" என்று சொன்னார். இரண்டு வருடம் ஒற்றை விரலால் அடித்தேன். அதற்குப் பிறகு பத்து விரலும் வந்தது. படித்தது அவ்வளவுதான்.

முதலாளியை நாங்கள் பாரூக் சேர் என்போம். மருதானைக்காரர், ரேடியோ திருத்திப் பழகி கம்பியூட்டருக்கு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் கையைக் கழுவித் துடைப்பார், பிறகு ஜன்னல் கம்பியில் ஒரு தரம் கையை வைப்பார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்பதற்காக. "மனுசன் தொட்டாலே இதுக்கு ஷொக் அடிக்கும் அக்கா, பாவம்" என்பார். நானும் அந்தக் கம்பியைத் தொட்டுத் தொட்டு, வீட்டில் சோற்றுப் பானையைத் திறக்க முன்னமும் ஜன்னலைத் தேடினதாக அக்கா கேலி செய்வார்.

அவருடைய பெரிய சட்டம் ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட நீளக் கொப்பி. மெஷினில் என்ன பிழை வந்தாலும், ஸ்குரூட்ரைவரை எடுக்க முன் அந்தக் கொப்பியில் மூன்று வரி எழுத வேண்டும். என்ன நடந்தது. அதற்கு முன் எதைத் தொட்டோம். என்ன மாறியிருக்கிறது. கீழே எழுதினவர் பெயர். "பிழை தானா வாரதில்ல, யாரோ ஒருத்தர் கூட்டிக்கிட்டு வந்திரிக்கார்" என்பார். ஆனால் அந்தக் கொப்பியில் எழுதினதற்காக யாரையும் அவர் ஏசினதில்லை. எழுதாமல் விட்ட ஒரு பையனை மட்டும் ஒரு கிழமை வகுப்புக் கொப்பிகளுக்கு உறை போட வைத்தார்.

அந்த நாட்களில் மவுஸ் வயிற்றுக்குள் சாம்பல் நிற றப்பர் பூசின ஒரு இரும்பு உருண்டை இருக்கும். அழுக்குப் பிடித்தால் மவுஸ் நகராது. கடையில் நேரம் இல்லாமல் நாலைந்து உருண்டையைக் கைப்பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் சவர்க்காரம் போட்டுக் கழுவி வருவேன். ஒருநாள் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் கையை விட்ட ஆமிக்காரன் உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"மே மொனவாத?"

இதெல்லாம் என்ன என்று கேட்கிறான். "மவுஸ் எகே போலே, மாத்தயா" என்றேன். மவுஸின் உருண்டை என்று சொன்னதை அவன் எலியின் உருண்டை என்று நினைத்தானோ என்னவோ, பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் வந்தான், நிலத்தில் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்த்தான், துள்ளவில்லை. அரை மணித்தியாலம் நின்றேன். கடைசியில் கம்பியூட்டர் தெரிந்த ஒருவன் வந்து சிரித்து, என்னைப் போகச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தச் சின்னவன் என்னைக் கண்டால், இன்றைக்கு உருண்டை இல்லையா என்று சிங்களத்தில் கேட்பான். சிரிப்புத்தான். ஆனால் அந்த அரை மணித்தியாலமும் அக்கா வீட்டு விலாசத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றது எனக்குத்தான் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையைக் கேட்டுத்தான் புவனம் டீச்சர் தன் கைப்பிரதியைக் கிழித்தார்.

புவனம் டீச்சர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, பாமன்கடையில் தங்கை மகளின் பிளட் வீட்டில் இருந்தார். ஊரில் ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். உப்பு, எலுமிச்சை, போத்தல் மூடி, மெழுகுதிரி, இப்படி வீட்டில் கிடக்கிற சாமானை வைத்து அவர்களே செய்து பார்க்கிற விஞ்ஞானம். கிழமைக்கு இரண்டு நாள் குடையும் பையுமாக வருவார். எழுதின தாளை நான் அடிப்பேன், அவர் பக்கத்தில் இருந்து பிழை பார்ப்பார்.

உருண்டைக் கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் பற்றரி, வயர், பல்ப் எல்லாம் படமாக வரைந்திருந்தது.

"பந்துக்கே அரை மணித்தியாலமெண்டா, இதைக் கண்டா குண்டுப் படமெண்டு என்னைக் கிழமைக்கணக்கிலை வைச்சிருப்பாங்கள், என்ன? லெட்சுமி, அடிச்சு முடிஞ்ச தாளை நான் இனிக் காவிக்கொண்டு திரியேலாது. இஞ்சையே கிழிச்சுப் போடுவம்."

அப்படியே செய்தோம். அடித்து, பிழை திருத்தி, திருத்தினதைப் பிளொப்பி என்கிற உள்ளங்கை அளவு டிஸ்க்கில் போட்டதும் தாள் கிழிபடும். கடை மெஷினின் ஹார்ட்டிஸ்கில் அப்போது இடம் மிகக் குறைவு. வாடிக்கையாளரின் வேலையை அதில் வைக்கிறதில்லை, பிளொப்பியில்தான். ஆனால் சேரின் சட்டப்படி ஒவ்வொன்றும் இரண்டு பிளொப்பியில் இருக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றது. நான் ஒரு நாளும் அந்தச் சட்டத்தை மீறவில்லை.

நான் மெதுவாக அடிக்கிறவள் என்பதால் ஒவ்வொரு பாடமும் எனக்குள் இறங்கிவிடும். டீச்சர் சோதித்துப் பார்ப்பார்.

"நீர் அடிக்கிறதெல்லாம் விளங்குதோ உமக்கு?"

"விளங்குதுங்க டீச்சர்."

"சும்மா தலையாட்டாதையும். உப்புத் தண்ணியிலை முட்டை ஏன் மிதக்குது? சொல்லும் பாப்பம்."

"தண்ணி கனத்துப் போச்சுங்க. நேத்து வீட்டுல செஞ்சு பார்த்தேங்க, மிதந்துச்சு."

"பிறகு முட்டையை என்ன செய்தனீர்?"

"பொரிச்சுச் சாப்பிட்டேங்க."

"அது புத்தகத்திலை இல்லாத பரிசோதனை" என்று சொல்லி, டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

பதினான்கு பாடம் முடிந்துவிட்டது. கடைசி ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் டீச்சருக்கு கனடாவில் இருக்கிற மகளிடம் போக விசா வந்தது. டிக்கட்டும் வந்துவிட்டது, ஒன்பது நாளில் பயணம். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகம், அந்தக் கிழமைக்குள் டிஸ்க்கைத் தந்தால் அடித்துத் தருகிறோம் என்று சொல்லியிருந்தது. "போனா இந்த வயதிலை நான் திரும்பி வரப்போறேல்லை. புத்தகம் பிள்ளையளின்ரை கைக்குப் போகாட்டி, எட்டு மாதமும் நான் வெறும் தாளைக் கிழிச்சுக்கொண்டிருந்தனான் எண்டுதான் கணக்கு" என்று டீச்சர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அப்போது சரஸ்வதி பூசை வந்தது.

கடையில் வேலை செய்தவர்கள் பாதிப்பேர் சைவம். சேர் முஸ்லிம் என்றாலும் பூசைக்கு ஒரு நாளும் தடை சொன்னதில்லை. வாழைப்பழமும் கடலையும் அவர்தான் வாங்கி வருவார். அந்த வருடமும் பழச்சீப்பை மேசையில் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, மெஷினுக்குக் கிட்ட சாம்பிராணி வேணாம். தண்ணி தெளிக்க வேணாம். இந்த ரெண்டும்தான். மத்தபடி ஒங்கட விருப்பம்."

இரண்டையும் நான் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. சாம்பிராணியை வாசலில் காட்டினேன். தீர்த்தம் மனிதருக்கு மட்டும் தெளித்தேன். சந்தனத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பன்னீரில் சந்தனத் தூளைக் குழைத்து, திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என்று பொட்டு வைத்துக்கொண்டே போனேன். நடுவில் தட்டில் கொப்பிகளும், புவனம் டீச்சரின் பிளொப்பியும். அவருடைய புத்தகம் நல்லபடி முடிய வேண்டும் என்று எனக்கு ஆசை. பிளொப்பியைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் வட்டமாக ஒரு வெள்ளித் தகடு. நெற்றி மாதிரியே இருந்தது. அதில் பொட்டு வைத்தேன். மேலே பளபளவென்று ஒரு தள்ளு கதவு இருக்கும், அதிலும் ஒன்று. இரண்டாவது பிளொப்பியைச் சும்மா விட மனம் வரவில்லை. அதுவும் அதே புத்தகம்தானே என்று அதற்கும் அதே மாதிரி வைத்தேன். பன்னீர் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. பூசைக்கு வைத்ததை அடுத்த நாள் காலை வரைக்கும் தொடக் கூடாது. யாரும் தொடவில்லை.

விஜயதசமியன்று காலை, கடைசிப் பாடத்தை நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்று டீச்சர் வெள்ளைப் பருத்திச் சேலையில் வந்தார். நான் பொட்டைத் துடைத்துவிட்டு பிளொப்பியை டிரைவில் போட்டேன். கர்... கர்... என்று சோளம் திரிக்கிற சத்தம். கறுப்புத் திரையில் அந்த மூன்று சொல் வந்தது. அபோர்ட், ரிட்ரை, ஃபெயில். நிறுத்தவா, திரும்பிப் பார்க்கவா, போனதென்று விடவா என்று கேட்கிறது. எனக்கு முதலில் தெரிந்த ஆங்கிலமே அதுதான். திரும்பிப் பார் என்று சொன்னேன். கர்... கர்.

ஒரு டிஸ்க் சத்தம் போட்டால் இரண்டாவதைப் போடாதே என்பது சேர் சொல்லித் தந்த பாடம். டிரைவில்தான் பிழை என்றால் இரண்டாவதும் போய்விடும். பதற்றத்தில் மறந்துபோனேன். இரண்டாவதையும் போட்டேன். அதுவும் கர் என்றது.

"என்ன லெட்சுமி, மெசினுக்கும் இண்டைக்கு லீவோ?" என்று டீச்சர் பகிடியாகக் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் பகிடியை விட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

நான் இரண்டு பிளொப்பியையும் எடுத்துக்கொண்டு தேத்தண்ணி போடுகிற இடத்துக்குப் போனேன். தள்ளு கதவை விரலால் நகர்த்திப் பார்த்தேன். உள்ளே கபில நிறத் தகட்டில் சந்தனம் காய்ந்து, வட்டம் வட்டமாகக் கோடு இழுத்திருந்தது. அப்போதுதான் விளங்கியது. நான் வைத்த பொட்டுத்தான் உள்ளே இறங்கியிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். கடல் காற்றில் பிளொப்பிக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது அங்கே வழமை. மாதத்தில் ஒன்று போகும். பூஞ்சணம் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் மறு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். சந்தனத்தைக் கழுவிவிட்டுச் சொன்னால் போதும், பைப் பக்கத்தில்தான் இருந்தது. பைப்பைத் திறக்கவும் செய்தேன். பிறகு மூடினேன். முன்னால் போய் சீஆர் கொப்பியை எடுத்தேன்.

என்ன நடந்தது: இரண்டு டிஸ்க்கும் வாசிக்கவில்லை. அதற்கு முன் எதைத் தொட்டோம்: அதில் பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுதினேன். நேற்று பூசைக்கு இரண்டு டிஸ்க்குக்கும் நான் சந்தனப் பொட்டு வைத்தேன். என்ன மாறியிருக்கிறது: சந்தனம் உள்ளே போய்விட்டது. கீழே லெட்சுமி என்று பெயர் போட்டு, கொப்பியைச் சேரின் மேசையில் விரித்து வைத்துவிட்டு, மூலையில் போய் நின்றேன்.

சேர் வந்தார். வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், திரும்ப இறக்கி இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கொப்பியை டீச்சரிடம் நீட்டினார். டீச்சரும் வாசித்தார். கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

"சந்தனத்த எதுல குழைச்சீங்க அக்கா?" என்றார் சேர்.

"பன்னீர்லங்க சேர்."

"எண்ணெ, நெய் ஏதாச்சும்?"

"இல்லைங்க."

"ஹா! அப்ப கழுவலாம்."

"கழுவலாமாங்க?" என்று கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம். தண்ணீரே படக் கூடாது என்றவர் கழுவலாம் என்கிறார்.

"ஓடுற மெஷினுக்குத்தான் தண்ணி ஆகாது. இது கழட்டினா வெறும் தகடு. காய வச்சா சரி. ஆனா நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல."

டீச்சர் எழுந்து நின்றார். படிப்பிக்கிற குரல் வந்துவிட்டது. "செய்யாததை நேரா இதிலை செய்யக் கூடாது. லெட்சுமி, முதல் கண்ணைத் துடையும். குழைச்ச சந்தனம் மிச்சம் இருக்கோ?"

"கிண்ணத்துல இருக்குங்க."

"அப்ப உதவாத டிஸ்க் ரண்டு எடும். அதிலை உம்மடை கையாலை, நேற்று வைச்ச மாதிரியே வையும். காயட்டும். அதைக் கழுவிப் பாப்பம்."

"சோதனைக்கா டீச்சர்?" என்றார் சேர்.

"ஓம் தம்பி. நான் எட்டு மாதமா இதைத்தானே எழுதினனான்?"

ஒரு கல்யாணக் காட்டை இரண்டு பழைய பிளொப்பியிலும் ஏற்றி, வேண்டுமென்றே பொட்டு வைத்தேன். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காய்ந்ததும் சேர் முதலாவதைத் திறந்தார். தள்ளு கதவைக் கழற்றி, பிளேட்டால் ஓரத்தைப் பிளந்தால், உள்ளே இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவில் அப்பளம் போல மெல்லிய தகடு. காருக்கு ஊற்றுகிற பற்றரி வோட்டரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றினோம். பைப் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், அது வேண்டாம் என்றார் சேர். நடுத் தகட்டை மட்டும் பிடித்து அமிழ்த்தி, பஞ்சால் மெல்லத் துடைத்தார். காய வைத்து, புது டிஸ்க் ஒன்றின் உறைக்குள் போட்டு, டிரைவின் தலையை ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து வாசித்தோம். கல்யாணக் காட் பாதிதான் வந்தது. மணமகன் பெயர் இருந்தது, பட்டம் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது. மணமகளைக் காணோம்.

"பொம்பிளையைத் துடைச்சுப் போட்டீர் தம்பி" என்றார் டீச்சர்.

சேர் தன் கையைப் பார்த்தார். "எனக்கு கை பாரம். அக்கா, நீங்க செய்யுங்க. முப்பது வருசமா கண்ணாடிச் சாமான் கழுவின கை."

இரண்டாவதை நான் செய்தேன். துடைக்கவில்லை. தண்ணீருக்குள் விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சந்தனம் தானாக விட்டு, புகை மாதிரி எழும்பியது. "கரையுதுங்க டீச்சர்!" என்றேன்.

"கரையேல்லை. வடிவாப் பாரும். பிரிஞ்சு தண்ணிக்கை தொங்குது. கரைஞ்சா கண்ணுக்குத் தெரியாது."

மூன்று தரம் தண்ணீர் மாற்றினேன். நடுத் துளையில் நூல் கோத்துத் தொங்கவிட்டேன். கடல் காற்றில் உப்பு வரும் என்று ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, மூன்று பேரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம். வாசித்தபோது கல்யாணக் காட் முழுதாக வந்தது. "பொம்பிளை வந்திட்டா!" என்று டீச்சர் கைதட்டினதில் முன்னால் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் உண்மையான இரண்டையும் கழுவினேன். ஜன்னல் கம்பியைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருடம் மழை பொய்த்து, மின்வெட்டு வேறு. நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும். இரண்டரைக்கு வாசிக்கத் தொடங்கினோம். சேர் ஒவ்வொரு பாடமாகப் புது டிஸ்க்குக்கு இழுக்க, டீச்சர் தாளில் சரி போட்டார். முதல் டிஸ்க்கில் ஒன்பதாம் பாடமும் பத்தாம் பாடமும் வரவில்லை. இரண்டாவதில் மூன்றும் ஒன்பதும் வரவில்லை. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருந்தது. ஒன்பதாம் பாடத்தைத் தவிர. காய்ந்த சந்தனத்தோடு நான் இரண்டையும் சுழலவிட்டதில், அந்த இடம் இரண்டிலும் கீறிப்போயிருந்தது. இருபது தரம் திரும்பிப் பார் என்றோம். நாலு மணிக்குக் கரண்ட் போய்விட்டது.

ஒன்பதாம் பாடம் கரைசல்கள். டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். "மற்றதெல்லாம் வந்தது பெரிய காரியம். ஆனா இதைத்தான் நாலு தரம் மாத்தி மாத்தி எழுதினனான். கடைசியா எப்பிடி எழுதினனான் எண்டு ஞாபகமில்லை. இன்னும் ஏழு நாள் இருக்கு, பயணச் சாமான் கட்டவேணும்..."

நான் சுவரோடு நின்றேன். சொல்லலாமா, அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமா என்று ஒரு நிமிடம். பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டே வாய் திறந்தேன்.

"ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைப் போடவும். கலக்காமல் ஐந்து நிமிடம் பார்த்திருக்கவும்."

டீச்சர் நிமிர்ந்தார். "பிறகு?"

"உப்பு எங்கே போனது? நுனி நாக்கால் மேலே உள்ள தண்ணீரைச் சுவைக்கவும். இப்போது கலக்கிவிட்டுச் சுவைக்கவும்."

"பிறகு? பிறகு?"

அந்தப் பாடத்தில் ஏழு பரிசோதனை. ஏழையும் நான் கொட்டாஞ்சேனையில் என் அறையில் செய்து பார்த்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்த பாடம் வேறு. கரண்ட் இல்லாத கடையில், வாசல் வெளிச்சத்தில், நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். எங்கேயோ ஒரு இடத்தில் "இப்பிடியோ எழுதினனான்? நல்லாத்தான் இருக்கு" என்றார். இன்னொரு இடத்தில் நான் தடுமாறினபோது அவரே பிடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசினது அன்றைக்கு மட்டும்தான். முடிந்தபோது தொண்டை காய்ந்திருந்தது. சேர் தானே போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். சீனி போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தேன்.

அதை அடித்து, கடைசிப் பாடத்தையும் அடித்து, மூன்று டிஸ்க்கில் போட்டு, பயணத்துக்கு இரண்டு நாள் முன் அச்சகத்தில் கொடுத்தோம். முன்னுரையில் என் பெயரைப் போடப்போகிறேன் என்று டீச்சர் சொன்னார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "சரி, பேரைப் போடேல்லை. நான் வேறை ஒண்டு போடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து அச்சகத்திலிருந்து ஐந்து பிரதி கடைக்கு வந்தது. சேர் முதலாவதை என்னிடம் தந்தார். ஒன்பதாம் பாடத்தைத் திறந்தேன். ஏழு பரிசோதனைக்குப் பிறகு எட்டாவதாக ஒன்று இருந்தது. கடைசி நேரத்தில் அச்சகத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் விடச் சொல்லியிருந்தது. "சந்தனம் கரைவதில்லை, பிரிந்து தொங்குகிறது. பொறுத்திருந்தால் அடியில் படியும். அவசரப்பட்டுத் துடைக்க வேண்டாம்." அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எண்ணவில்லை. சேர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, "கடைசி வரியால டீச்சர் எனக்கு அடிக்கிறா" என்றார்.

அடுத்த வருடம் பூசைக்கு சேர் பழச்சீப்போடு ஒரு பெரிய பிஸ்கட் டின்னும் கொண்டுவந்தார். கடையில் இருந்த அத்தனை பிளொப்பியையும் அதற்குள் அடுக்கி, மூடியை அழுத்தி மூடி, டின்னைத் தட்டின் நடுவில் வைத்தார். "இப்ப வைங்க அக்கா, எத்தன வேணும்ண்டாலும்" என்றார். டின் முழுக்க வைத்தேன்.

இப்போது சேருக்கு எழுபத்தெட்டு வயது. தெஹிவளையில் மகள் வீட்டில் இருக்கிறார், கடைக்கு வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசையன்று காலையில் எனக்குப் போன் கோல் எடுப்பார். சலாம், சுகம் ஒன்றும் கிடையாது.

"அக்கா, லப்டொப்புக்குப் பொட்டு எங்க வச்சீங்க?"

"மூடிக்கு வெளியிலங்க சேர்."

"பன்னீர்?"

"தொட்டும் தொடாமங்க."

"பைலெல்லாம் இன்னொரு கொப்பி எடுத்து வச்சீங்களா?"

"மூணு இருக்குங்க. ஒண்ணு அக்கா வீட்டுல."

"அப்ப சாமிய கும்புடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.